வயதான பெற்றோருக்கு பைபாஸ்: ஆஞ்சியோ முடிந்த நாளிலிருந்து ஆறாவது மாதம் வரை

இதய ரத்தக் குழாயில் அடைப்பைத் தாண்டி ரத்தம் போக மாற்றுக் குழாய் வைக்கும் பைபாஸ் அறுவை சிகிச்சை நான்கைந்து மணி நேரத்தில் முடிந்துவிடும். அது அறுவை நிபுணரின் வேலை. அதற்கு முன்னால் வரும் காகித ஓட்டமும் அதற்குப் பின்னால் வரும் மூன்று மாதமும் குடும்பத்தின் வேலை. இந்த இரண்டாவது வேலையை யாரும் உட்கார வைத்துச் சொல்லித் தருவதில்லை. என் அம்மாவுக்கு 74 வயதில், சர்க்கரையும் ரத்த அழுத்தமும் கூடவே இருக்க, மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையில் பைபாஸ் நடந்தது. இப்போது நன்றாக இருக்கிறார். ஒவ்வொரு மேசையாக நின்று, ஒவ்வொருவராகக் கேட்டுத் தெரிந்துகொண்டதை எல்லாம் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். நான் மருத்துவர் அல்ல. மாத்திரையைத் தொடர்வதும் நிறுத்துவதும் உங்கள் டாக்டர் சொல்படிதான். எதைக் கேட்க வேண்டும் என்பதை மட்டும் இங்கிருந்து எடுத்துக்கொள்ளுங்கள்.

1. ஆஞ்சியோ அறை வாசலில் முடிவெடுக்காதீர்கள்

ஆஞ்சியோ, அதாவது சாயம் செலுத்தி இதயக் குழாய்களைப் படமெடுக்கும் சோதனை, முடிந்ததும் குடும்பத்தாரைக் கூப்பிட்டுத் திரையில் அடைப்பைக் காட்டுவார்கள். மூன்று குழாயிலும் அடைப்பு, இப்போதே ஸ்டென்ட் (குழாயைத் திறந்து வைக்கும் சிறு கம்பிச் சுருள்) வைக்கலாமா, பைபாஸுக்குப் போகலாமா என்று நின்ற நிலையில் கேட்பார்கள். அந்த நேரத்தில் கேட்க வேண்டியது ஒரே கேள்விதான்: "இன்றைக்கே செய்தாக வேண்டுமா, சில நாள் பொறுக்கலாமா?"

மாரடைப்பு நடந்துகொண்டிருக்கிறது, சும்மா படுத்திருக்கும்போதே நெஞ்சுவலி வருகிறது, இடப்பக்க மூலக் குழாயில் கடுமையான அடைப்பு என்றால் தாமதம் கூடாது, அங்கேயே சேர்த்துவிடுங்கள். நடந்தால் மட்டும் வலி, உட்கார்ந்தால் அடங்குகிறது என்ற நிலையில் இருப்பவர்களுக்குப் பெரும்பாலும் யோசிக்க நாள் கிடைக்கும். அந்த நாட்களை வீணாக்காமல் இதய மருத்துவர் ஒருவரையும் அறுவை நிபுணர் ஒருவரையும் தனித்தனியே பாருங்கள். ஸ்டென்ட் வைப்பவர் ஸ்டென்ட் பக்கமும் அறுப்பவர் அறுவை பக்கமும் சாய்வது இயல்பு. இருவரும் ஒரே முடிவைச் சொன்னால் உங்களுக்குத் தூக்கம் வரும்.

சர்க்கரை நோயும் பல குழாய்களில் அடைப்பும் சேர்ந்திருந்தால் பைபாஸே நீண்ட நாளைக்கு நல்லது என்று 2012இல் வெளியான ஃபிரீடம் ஆய்வு காட்டியது. இறப்பும் மாரடைப்பும் பைபாஸ் பக்கம் குறைவு, பக்கவாதம் மட்டும் சற்று அதிகம். அந்த ஆய்வில் இருந்தவர்களில் பெரும்பாலோர் எண்பது வயதுக்காரர்கள் அல்லர். ஆகவே உங்கள் வீட்டுப் பெரியவருக்கு 82 வயது என்றால் அந்த முடிவை அப்படியே பொருத்திவிட முடியாது. அடுத்த பகுதி அதற்காகத்தான்.

வெளியே வரும் முன் ஆஞ்சியோ சி.டி.யைக் கேட்டு வாங்குங்கள். எழுத்து அறிக்கை மட்டும் போதாது. அறுவை நிபுணர் அறிக்கையைப் புரட்டிப் பார்க்க மாட்டார், படத்தைத்தான் பார்ப்பார். நகல் வேண்டும் என்றால் மருத்துவமனைக்கு வெளியே யாராவது பென் டிரைவில் ஏற்றித் தருவார்கள். ஒன்றுக்கு இரண்டாக வைத்துக்கொள்ளுங்கள்.

2. வயதைவிட முக்கியமான எண்கள்

"இந்த வயசுல தாங்குவாங்களா?" என்று உறவினர் அத்தனை பேரும் கேட்பார்கள். டாக்டரிடம் அந்தக் கேள்வியை அப்படியே கேட்டால் "பார்க்கலாம்" என்றுதான் பதில் வரும். எண்களைக் கேளுங்கள்.

இதயத்தின் பம்பிங் எவ்வளவு? எக்கோ (இதய ஸ்கேன்) அறிக்கையில் இ.எஃப். என்று இருக்கும். 55க்கு மேல் என்றால் நல்லது; 30 பக்கம் இருந்தால் ஆபத்து கூடுகிறது, ஆனால் அறுவையால் கிடைக்கும் பலனும் சிலருக்குக் கூடுகிறது, எனவே அது ஒன்றை வைத்துப் பயப்படத் தேவையில்லை. சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் எவ்வளவு? சிறுநீரகம் ஏற்கெனவே தளர்ந்திருந்தால் அறுவைக்குப் பின் டயாலிசிஸ் தேவைப்படும் வாய்ப்பை நேரடியாகவே கேளுங்கள். மூன்று மாதச் சர்க்கரை, ஹீமோகுளோபின், நுரையீரல் ஊதல் பரிசோதனை, கழுத்து ரத்தக் குழாய் ஸ்கேன் ஆகியவை அடுத்து. யூரோஸ்கோர், எஸ்.டி.எஸ். ஸ்கோர் என்று இரண்டு கணக்குகள் உண்டு. இந்த எண்களையெல்லாம் போட்டு ஆபத்து நூற்றுக்கு எத்தனை என்று சொல்பவை. "அம்மாவுக்கு ஸ்கோர் எவ்வளவு வருகிறது?" என்று கேட்டால் நல்ல நிபுணர் முகம் சுளிக்க மாட்டார்.

ஸ்கோர் முழுதாகப் பிடிக்காத ஒன்று இருக்கிறது: உடம்பின் தளர்ச்சி. வீட்டிலேயே பார்க்கலாம். ஐந்து மீட்டர் தூரம் குறித்துக்கொண்டு அவரது வழக்கமான வேகத்தில் நடக்கச் சொல்லுங்கள். ஆறு வினாடிக்கு மேல் ஆனால், இதய அறுவையில் சிக்கல் வரும் வாய்ப்பு கூடுதல் என்று கொள்கிறார்கள். கடைக்குத் தானே போய்வரும் 80 வயதுக்காரர், வீட்டுக்குள்ளேயே சுவரைப் பிடித்து நடக்கும் 68 வயதுக்காரரைவிட நன்றாக எழுந்துவிடுவார். எங்கள் வார்டில் அதைக் கண்ணால் பார்த்தேன்.

பொதுவான நிலவரம் இது. திட்டமிட்டுச் செய்யும் பைபாஸில் எல்லா வயதையும் சேர்த்துப் பார்த்தால் உயிரிழப்பு நூறில் ஒன்றிரண்டு. எண்பதைத் தாண்டினால் அது சில மடங்காகும். அவசரமாகச் செய்தால் இன்னும் ஏறும். இதயத் துடிப்பு தாறுமாறாகும் கோளாறு சுமார் மூவரில் ஒருவருக்கு வரும், வயதானவர்களிடம் அதிகம். இவற்றைத் தாண்டி வந்த முதியவர்களில் பெரும்பாலோருக்கு நெஞ்சுவலி போய்விடுகிறது, நடை கூடுகிறது. ஆனால் இளையவர் ஆறு வாரத்தில் அடையும் நிலையை இவர்கள் அடைய மூன்று மாதம், சிலருக்கு ஆறு மாதம் ஆகும்.

கடைசியாக ஒரு கேள்வி. "ஆறு மாதம் கழித்து அம்மா என்னென்ன செய்ய முடியும்?" என்று கேளுங்கள். "கோயிலுக்கு நடந்து போவார், மாடி ஏறுவார்" என்ற பதிலும் "உயிருக்கு ஆபத்து நீங்கும்" என்ற பதிலும் ஒன்றல்ல. ஞாபக மறதி முற்றியவர், படுக்கையிலேயே இருப்பவர் என்றால் மாத்திரையோடு நிறுத்திக்கொள்வதும் ஒரு முடிவுதான். அதை டாக்டரே சொல்லட்டும் என்று காத்திருக்காமல் நீங்களே கேட்கலாம். பெரியவரிடமும் கேளுங்கள். அவருடைய நெஞ்சைத்தான் திறக்கப் போகிறார்கள்.

இதயத்தை நிறுத்தாமல் துடிக்கத் துடிக்கச் செய்யும் முறையா, இதயத்தை நிறுத்தி, பம்ப் இயந்திரம் போட்டுச் செய்யும் முறையா என்பதில் நிறைய விளம்பரம் நடக்கிறது. அந்த நிபுணருக்கு எது கைவந்ததோ அதைச் செய்யவிடுங்கள்.

3. காகிதங்கள்: அட்மிஷனுக்கு முன்பே ஒரே ஃபைலில்

ஆதார், குடும்ப அட்டை, காப்பீட்டு அட்டை அல்லது பாலிசி நகல், பழைய மருந்துச் சீட்டுகள், ஆஞ்சியோ சி.டி., எக்கோ, ரத்தப் பரிசோதனைகள், பாஸ்போர்ட் அளவுப் படம் நான்கு. எல்லாவற்றிலும் மூன்று நகல். இதைத் தவிர, சாப்பிடும் மாத்திரைகளின் பெயர், எத்தனை மில்லிகிராம், எந்த வேளை என்று ஒரு தாளில் எழுதி வையுங்கள். மருந்து டப்பாவை அப்படியே பையில் கொட்டி எடுத்துப் போனால் இரவுப் பணி நர்ஸ் உங்களைத் திட்டுவார், அதில் நியாயமும் உண்டு.

சிக்கல் எங்கே என்றால், பெயரில். ஆதாரில் தந்தை பெயரின் முதலெழுத்து, குடும்ப அட்டையில் கணவர் பெயரின் முதலெழுத்து, பாலிசியில் இரண்டும் இல்லை. நம் ஊர் அம்மாக்கள் பாதிப் பேருக்கு இதே கதை. இரண்டு பெயரும் ஒருவரே என்று கெஜட்டட் அதிகாரியிடம் ஒரு சான்று வாங்கி வைத்தால் வேலை நடக்கும். பிறந்த தேதியையும் ஒப்பிட்டுப் பாருங்கள். பல முதியவர்களின் ஆதாரில் ஜனவரி 1 என்றுதான் இருக்கும். பாலிசியில் வேறாக இருந்தால் கேள்வி வரும்.

4. பணம்: யார் எவ்வளவு தருவார்கள்

மதுரை, கோவை, சென்னை தனியார் மருத்துவமனைகளில் இரண்டரை லட்சம் ரூபாயிலிருந்து ஐந்து லட்சம் வரை கேட்டார்கள். "பேக்கேஜ்" என்பார்கள். அதில் என்ன அடங்காது என்பதை எழுத்தில் வாங்குங்கள். ஐ.சி.யூ. கூடுதல் நாள், ரத்தம், கூடுதல் நேர வென்டிலேட்டர், டயாலிசிஸ், இதயத்துக்குத் துணையாக வைக்கும் பலூன் பம்ப் ஆகியவை பெரும்பாலும் வெளியே. வயதானவர்களுக்கு இவைதான் தேவைப்படும். அதனால் சொன்ன தொகைக்கு மேல் மூன்றில் ஒரு பங்கைக் கையிருப்பாக வைத்துக்கொண்டு இறங்குங்கள்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம். 2012 முதல் இந்தப் பெயரில் நடக்கிறது. 2018இல் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தோடு இணைக்கப்பட்டது. குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை. நான் விசாரித்தபோது குடும்ப ஆண்டு வருமான வரம்பு 1,20,000 ரூபாய். அட்டை இல்லையென்றால் குடும்ப அட்டை, ஆதார், கிராம நிர்வாக அலுவலரிடம் வாங்கிய வருமானச் சான்று ஆகியவற்றோடு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் இருக்கும் காப்பீட்டு மையத்துக்குப் போக வேண்டும். நோயாளியின் பெயர் அந்தக் குடும்ப அட்டையில் இருக்க வேண்டும் என்பதுதான் பலரைத் திருப்பி அனுப்பும் விஷயம். மகன் வீட்டில் இருக்கும் அம்மாவின் பெயர் இன்னும் ஊரில் பெரியப்பா வீட்டு அட்டையில் இருக்கும். பெயர் மாற்றம் ஒரே நாளில் நடக்காது, இதை முதலில் பாருங்கள். பைபாஸ் இந்தத் திட்டத்தில் உண்டு; அங்கீகரிக்கப்பட்ட தனியார் மருத்துவமனைகளிலும் உண்டு. மருத்துவமனைக்குள்ளேயே திட்ட அலுவலர் ஒருவர் மேசை போட்டு உட்கார்ந்திருப்பார். அட்டை எண்ணை அட்மிஷனுக்கு முன்பே அவரிடம் காட்டி ஒப்புதல் கோரச் சொல்லுங்கள். அறுவை முடிந்த பிறகு கேட்டால் கிடைக்காது. கட்டணமில்லாத் தொலைபேசி 1800 425 3993.

70 வயது நிரம்பியவர்களுக்கு வருமான வரம்பே இல்லாமல் 5 லட்சம் என்று மத்திய அரசு 2024 அக்டோபரில் தொடங்கிய வய வந்தனா அட்டையைப் பற்றியும் அதே மையத்தில் கேளுங்கள். நீங்கள் போகும் மருத்துவமனை அதை ஏற்கிறதா என்பதைத் தனியாக, மருத்துவமனையிலேயே கேளுங்கள்.

அரசு மருத்துவமனை. சென்னையில் ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை, ஸ்டான்லி, ஓமந்தூரார் பன்னோக்கு மருத்துவமனை. மதுரையில் அரசு ராஜாஜி மருத்துவமனை. இங்கெல்லாம் இதய அறுவைப் பிரிவு இருக்கிறது, அனுபவம் மிக்க நிபுணர்கள் இருக்கிறார்கள். காத்திருப்பு இருக்கும், கூட ஓட ஆள் வேண்டும். அதைத் தாங்க முடிந்தால் பணத்துக்காக நிலத்தை விற்க வேண்டியதில்லை.

தனியார் பாலிசி. முதலில் அறை வாடகை வரம்பைப் பாருங்கள். நாளுக்கு 5,000 ரூபாய் வரம்புள்ள பாலிசியை வைத்துக்கொண்டு 10,000 ரூபாய் அறையில் படுத்தால் வாடகை மட்டும் வெட்டுப்படாது; டாக்டர் கட்டணம், அறுவை அரங்கக் கட்டணம் எல்லாம் அதே விகிதத்தில் வெட்டுப்படும். அவற்றில் பாதிப் பணம் கையிலிருந்து போகும். ஏ.சி. டீலக்ஸ் அறை காலியாக இருக்கிறது என்று வரவேற்பறையில் அன்பாகச் சொல்வார்கள், மயங்காதீர்கள். நாளுக்கு 5,000 ரூபாயைத் தாண்டும் அறைக்கு ஜி.எஸ்.டி.யும் உண்டு.

திட்டமிட்ட அறுவை என்றால் கேஷ்லெஸ் (நாம் கட்டாமல் நிறுவனமே மருத்துவமனைக்குக் கட்டும் முறை) விண்ணப்பத்தை இரண்டு மூன்று நாள் முன்பே அனுப்பச் சொல்லுங்கள். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2024 மே மாதம் விட்ட சுற்றறிக்கைப்படி கேஷ்லெஸ் கோரிக்கைக்கு ஒரு மணி நேரத்திலும் டிஸ்சார்ஜ் பில்லுக்கு மூன்று மணி நேரத்திலும் நிறுவனம் பதில் தர வேண்டும். தாமதத்தால் கூடுதல் அறை வாடகை ஆனால் அது நிறுவனத்தின் பொறுப்பு. இதை நிதானமாக எடுத்துச் சொன்னபோது எங்கள் கோப்பு நகர்ந்தது.

சர்க்கரை, ரத்த அழுத்தம் எப்போதிலிருந்து என்ற கேள்விக்கு உண்மையைச் சொல்லுங்கள். ஆனால் உறுதியாகத் தெரியாமல் "ஒரு இருபது வருஷமா இருக்கும்" என்று அடித்துவிடாதீர்கள். பணி மருத்துவர் அதை அப்படியே கேஸ் ஷீட்டில் எழுதுவார். பாலிசி எடுத்ததற்கு முந்தைய நோயை மறைத்தீர்கள் என்று அந்த ஒரு வரியை வைத்துக் கோரிக்கையை மறுப்பார்கள். பழைய சீட்டில் உள்ள முதல் தேதியைப் பார்த்துச் சொல்லுங்கள்.

5. அறுவைக்கு முந்தைய நாட்கள்

ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் மாத்திரைகளை எப்போது நிறுத்துவது என்று எழுதி வாங்குங்கள். குளோபிடோகிரெல் வழக்கமாக ஐந்து நாள் முன்பு நிறுத்தப்படுகிறது. ஆஸ்பிரின் பெரும்பாலும் தொடரும். சர்க்கரைக்கான டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகை மாத்திரைகளை மூன்று நாள் முன்பே நிறுத்துவது வழக்கம். உடம்பில் அமிலம் கூடும் ஆபத்து இருப்பதால். வேறு டாக்டர் எழுதித் தந்த மாத்திரை என்பதால் இதயப் பிரிவில் இது விடுபட்டுப் போகக்கூடும்.

மூன்று பந்து உள்ள மூச்சுப் பயிற்சிக் கருவி மருந்துக் கடையில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். இப்போதே வாங்கிப் பழக்குங்கள். நம் ஆட்கள் எல்லோரும் முதலில் அதை ஊதுவார்கள். ஊதக் கூடாது, உறிஞ்ச வேண்டும். அறுவைக்குப் பிறகு வலியோடு கற்றுக்கொள்வதைவிட இப்போது கற்றுக்கொள்வது எளிது. நெஞ்சில் சளி தங்கி நிமோனியா வருவதுதான் முதியவர்களை மீண்டும் ஐ.சி.யூ.வுக்கு அனுப்பும் காரணங்களில் முக்கியமானது. புகை, வெற்றிலைப் புகையிலை இரண்டுக்கும் இன்றோடு முழுக்கு. ஆடும் பல், சீழ் பிடித்த பல் இருந்தால் பல் மருத்துவரைப் பாருங்கள்.

பல மருத்துவமனைகளில் ரத்தம் தர ஆள் கேட்பார்கள். 18 வயதுக்கு மேல் 65க்குள், குறைந்தது 45 கிலோ எடை, ஹீமோகுளோபின் 12.5. மூன்று நான்கு பேரை முன்பே பேசி வையுங்கள். வருகிறேன் என்று சொன்னவர்களில் ஒருவருக்காவது ரத்த அழுத்தம் கூடியிருக்கும்.

பெண்களுக்கு இன்னும் சில. மூக்குத்தி, மெட்டி, வளையல், தாலி அனைத்தையும் கழற்ற வேண்டும். அறுவையில் மின்கருவி பயன்படுத்துவதால் உடம்பில் உலோகம் இருந்தால் தீப்புண் ஏற்படலாம். நாற்பது வருடமாகக் கழற்றாத மூக்குத்தி இறுகிப்போயிருக்கும். இரண்டு நாள் முன்பே நகை ஆசாரியிடம் கூட்டிப்போய்விடுங்கள். தாலியைக் கழற்ற வேண்டும் என்பதை வீட்டிலேயே, அமைதியான நேரத்தில் சொல்லுங்கள். அறுவை நாள் விடிகாலையில் நர்ஸ் வந்து சொன்னால் ரத்த அழுத்தம் எகிறும். முன்பக்கம் திறக்கும் நைட்டி நான்கைந்து, முன்பக்கம் கொக்கி உள்ள தாங்கும் உள்ளாடை இரண்டு வாங்கி வையுங்கள். மார்பின் கனம் கீழே இழுக்க இழுக்கத் தையல் விரியும், வலி கூடும். இதை எந்த ஆண் டாக்டரும் எனக்குச் சொல்லவில்லை. ஒரு மூத்த நர்ஸ்தான் அம்மாவின் காதில் சொன்னார்.

வீட்டில் மேற்கத்தியக் கழிப்பறை இல்லையென்றால் ஓட்டை நாற்காலி ஒன்று வாங்கிவிடுங்கள். குத்துக்காலிட்டு உட்கார்ந்து எழுவது பல வாரங்களுக்கு முடியாது. கட்டில் முட்டி உயரத்துக்கு இருக்க வேண்டும். பாய் வேண்டாம்.

6. ஐ.சி.யூ. நாட்கள்

பொதுவாக இரண்டு மூன்று நாள். முதல் முறை பார்க்கும்போது வாயில் குழாய், கழுத்தில் குழாய், நெஞ்சிலிருந்து ரத்தம் வடியும் குழாய், வீங்கிய முகம். யாரை உள்ளே அனுப்புவது என்று முன்பே முடிவு செய்யுங்கள். மயங்கி விழக்கூடிய அத்தையை அனுப்பாதீர்கள்.

இரண்டாவது மூன்றாவது நாளில் பெரியவர் சம்பந்தமில்லாமல் பேசலாம். செத்துப்போன அண்ணன் வந்தார் என்பார், நர்ஸ் தன்னைக் கொல்லப் பார்க்கிறாள் என்பார், குழாயைப் பிடுங்குவார். அறுவைக்குப் பிந்தைய குழப்பநிலை இது. முதியவர்களிடம் மிகச் சாதாரணம். மூளை கெட்டுவிட்டது என்று உறவினர் அழுவார்கள். பெரும்பாலும் சில நாளில் தெளிந்துவிடும். உடனே செய்யக்கூடியது: மூக்குக் கண்ணாடி, காது கேட்கும் கருவி, பல்செட் மூன்றையும் ஐ.சி.யூ. நர்ஸிடம் கொடுத்து மாட்டச் சொல்லுங்கள். கண்ணும் காதும் இல்லாமல், இரவா பகலா தெரியாத அறையில் யாருக்கும் குழப்பம் வரும். உள்ளே போகும்போது பெயர் சொல்லிக் கூப்பிட்டு, இன்று என்ன கிழமை, எங்கே இருக்கிறீர்கள் என்று சொல்லுங்கள். வாதம் செய்யாதீர்கள். ஆனால் பேச்சுக் குழறல், ஒரு பக்கக் கை கால் விழுந்திருப்பது ஆகியவை வேறு. அது பக்கவாதமாக இருக்கலாம், அந்த நொடியே சொல்லுங்கள்.

துடிப்புக் கோளாறும் இதே நாட்களில்தான் தலைகாட்டும். அதற்கு மருந்து தொடங்கினால் எத்தனை வாரத்துக்கு என்பதைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

7. டிஸ்சார்ஜ்: அவசரப்படாத நாள்

சிக்கலில்லை என்றால் அறுவை முடிந்து ஒரு வாரம், பத்து நாளில் அனுப்புவார்கள். முதியவர்களுக்குச் சற்றுக் கூடலாம். டிஸ்சார்ஜ் சம்மரியை அங்கேயே உட்கார்ந்து படியுங்கள். எத்தனை மாற்றுக் குழாய், எங்கிருந்து எடுத்தது, டிஸ்சார்ஜ் நாள் எடை, கடைசி கிரியேட்டினின், தையல் பிரிக்கும் தேதி இருக்கின்றனவா? ஒவ்வொரு மருந்துக்கும் எதிரே "எப்போது வரை" என்று எழுதச் சொல்லுங்கள். ஆஸ்பிரினும் கொழுப்பு மாத்திரையும் வாழ்நாளுக்கு. நீர் மாத்திரையும் துடிப்பு மாத்திரையும் பெரும்பாலும் சில வாரத்துக்கு. எழுதாவிட்டால் இரண்டு வருடம் கழித்தும் சாப்பிட்டுக்கொண்டிருப்பார். பழைய மாத்திரைகளில் எவை நின்றுவிட்டன என்பதையும் கேளுங்கள். ஒரே மருந்து வேறு வேறு கம்பெனிப் பெயரில் இரண்டு முறை உள்ளே போவது நம் வீடுகளில் நடக்கிறது.

எல்லாப் பில்லும் மூலப் பிரதியாக, விவரம் பிரித்து, மருந்துக்கடைப் பில் உட்பட. பணம் கட்டினால் கார்டிலோ வங்கிப் பரிமாற்றத்திலோ கட்டுங்கள். காரணம் கடைசியில் வரும்.

8. வீட்டில் முதல் ஆறு வாரம்

நெஞ்செலும்பை இரண்டாக அறுத்து எஃகுக் கம்பியால் கட்டியிருக்கிறார்கள். ஒட்டுவதற்கு ஆறிலிருந்து பன்னிரண்டு வாரம். கம்பி அங்கேயேதான் இருக்கும், அதை எடுக்க மாட்டார்கள். இந்த எலும்பைக் காப்பதுதான் இந்த நாட்களின் முழு வேலை.

படுக்கையிலிருந்து கையை ஊன்றி எழக் கூடாது. கையைப் பிடித்துத் தூக்கவும் கூடாது. மகன்கள் எல்லோரும் பாசத்தோடு செய்வது இதுதான். ஒருக்களித்துத் திரும்பி, காலைக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிட்டு, முதுகுக்குப் பின்னால் நாம் தாங்க, எழ வேண்டும். நாற்காலியிலிருந்து எழும்போது இரு கையையும் நெஞ்சின் குறுக்கே கட்டிக்கொண்டு காலால் எழ வேண்டும். இருமல் வந்தால் தலையணையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு இரும வேண்டும். இரும வேண்டாம் என்று சொல்லாதீர்கள், சளி வெளியே வர வேண்டும்.

இரண்டு மூன்று கிலோவுக்கு மேல் எதையும் தூக்கக் கூடாது. தண்ணீர்க் குடம், குக்கர், கேஸ் சிலிண்டர், பேரக்குழந்தை எல்லாம் இதில் அடங்கும். பேரனை அவர் மடியில் நீங்கள்தான் வைக்க வேண்டும். வாசல் பெருக்குவது, மாவு பிசைவது, தேங்காய் துருவுவது, துணி பிழிவது எல்லாம் நெஞ்செலும்பை இழுக்கும் வேலைகள். ஆண்களுக்கு ஓய்வெடு என்றால் எடுத்துவிடுகிறார்கள். அம்மாக்கள் மூன்றாவது வாரத்தில் யாரும் இல்லாத நேரம் பார்த்து அடுப்படியில் நிற்பார்கள். எங்கள் அம்மாவுக்கு உட்கார்ந்தபடி கீரை ஆய்வது, பூண்டு உரிப்பது என்று வேலை பிரித்துக் கொடுத்த பிறகுதான் சண்டை ஓய்ந்தது.

நெஞ்சுப் புண்ணைவிடக் கால் புண் தொல்லை தரும். மாற்றுக் குழாய்க்காகக் காலிலிருந்து ரத்த நாளம் எடுத்திருந்தால் அந்தக் கால் வீங்கும், நீர் கசியும், மரத்துப்போகும். சர்க்கரை உள்ளவர்களுக்கு ஆற நேரம் பிடிக்கும். உட்காரும்போது காலை ஸ்டூலில் தூக்கி வையுங்கள். காலுறை கொடுத்திருந்தால் பகலில் மாட்டுங்கள். புண்ணில் மஞ்சள், வேப்பெண்ணெய், விபூதி எதுவும் வேண்டாம். சோப்பும் தண்ணீரும், ஒற்றித் துடைத்தலும் போதும். எண்ணெய்க் குளியல் பல வாரத்துக்கு இல்லை.

தினமும் காலையில் கழிப்பறை போய்வந்ததும் எடை பார்த்துக் காலண்டரில் எழுதுங்கள். ஒரே நாளில் ஒரு கிலோ அல்லது ஒரு வாரத்தில் இரண்டு கிலோவுக்கு மேல் ஏறினால் உடம்பில் நீர் தேங்குகிறது என்று பொருள். அன்றே மருத்துவமனைக்குப் பேசுங்கள். இந்த முழு வழிகாட்டியில் மிகக் குறைந்த செலவில் அதிகம் பயன் தருவது இந்த எடை இயந்திரம்தான்.

சாப்பாட்டில் முதல் சில வாரம் எதுவும் ருசிக்காது. அந்த நேரத்தில் எண்ணெயே இல்லாத, உப்பே இல்லாத பத்தியத்தைத் திணித்தால் இன்னும் இளைத்துப்போவார். புண் ஆறப் புரதம் வேண்டும். பருப்பு, முட்டை, மீன், தயிர் என்று சிறிது சிறிதாகப் பல வேளை. ஊறுகாய், அப்பளம், கருவாடு இல்லை. பார்க்க வருபவர்கள் இளநீரும் ஆரஞ்சும் ஹார்லிக்ஸும் கொண்டு வருவார்கள். சிறுநீரகம் தளர்ந்தவருக்கு இளநீரில் உள்ள பொட்டாசியம் ஆபத்து, டாக்டரிடம் கேட்டபிறகுதான். மலச்சிக்கல் வரும், முக்கக் கூடாது. மருந்து கேட்டு வாங்குங்கள். வலி என்று பக்கத்து மருந்துக் கடையில் டைக்ளோஃபினாக் வாங்கிக் கொடுக்காதீர்கள், இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் ஆகாது.

நடை கட்டாயம். முதல் வாரம் வீட்டுக்குள் ஐந்து நிமிடம், ஒரு நாளில் மூன்று நான்கு முறை. பிறகு தெருவில், வெயிலுக்கு முன். பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகம் சரி. நான்கு முதல் ஆறு வாரத்தில் அரை மணி நேரத்தை எட்டினால் நன்று. எட்டாவிட்டால் கவலையில்லை, முந்தைய வாரத்தைவிடக் கூடியிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

காரணமில்லாமல் அழுவார்கள், எரிந்து விழுவார்கள், தூக்கத்தில் அலறுவார்கள். "எல்லாம் முடிஞ்சுபோச்சு" என்பார்கள். இது அறுவையின் ஒரு பகுதி, குணக்கேடு அல்ல. ஒரு மாதம் தாண்டியும் சாப்பிட மறுத்து, எழ மறுத்தால் மனச்சோர்வுக்கு மருத்துவம் பாருங்கள். மனச்சோர்வு உள்ளவர்கள் இதயத்திலிருந்தும் மெதுவாகவே மீள்கிறார்கள்.

பார்க்க வருபவர்களுக்கு நேரம் வையுங்கள். இருமல், சளி உள்ளவர்களை வாசலோடு அனுப்பிவிடுங்கள். கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

துணைக்கு ஆள் வைப்பதென்றால் நாளுக்கு 800 முதல் 1,500 ரூபாய் வரை எங்களிடம் கேட்டார்கள். இரவுக்கு மட்டும் வைத்தாலும் போதும். பகலில் வீட்டார் சமாளிக்கலாம், தூக்கமில்லாமல் யாராலும் மூன்று வாரம் ஓட்ட முடியாது.

9. காத்திருக்கக் கூடாத அறிகுறிகள்

காய்ச்சல் 100.4 டிகிரிக்கு மேல், புண்ணில் சீழ், நாற்றம், திடீர்ச் சிவப்பு, இருமும்போது நெஞ்செலும்பு "டக் டக்" என்று நகர்வது, படுத்தால் மூச்சு வாங்குவது, படபடப்பு அடங்காமை, கறுப்பு நிற மலம். இவற்றுக்கு அன்றைக்கே அறுவைப் பிரிவுக்குப் பேசுங்கள். நெஞ்சை அழுத்தும் வலி, மயக்கம், வாய் கோணுதல், கை கால் விழுதல் என்றால் 108.

அறுவைப் பிரிவின் நேரடி எண்ணை டிஸ்சார்ஜ் நாளிலேயே வாங்கியிருக்க வேண்டும். மருத்துவமனையின் பொது எண்ணில் நள்ளிரவில் பாட்டுத்தான் கேட்கும்.

10. ஆறாவது வாரத்துக்குப் பிறகு

முதல் சோதனை ஒரு வாரம் பத்து நாளில் புண்ணுக்காக. அடுத்தது ஆறாவது வாரம் சுமார். பிறகு மூன்றாவது மாதம். எக்கோ, கொழுப்பு, கிரியேட்டினின், சர்க்கரை அப்போது பார்ப்பார்கள். கார் ஓட்டுவது ஆறு முதல் எட்டு வாரத்துக்குப் பின். இரு சக்கர வாகனம், பின்னால் உட்காருவது உட்பட, எலும்பு முழுதும் ஒட்டிய பிறகு. படி ஏறி மூச்சு வாங்காமல் நிற்க முடிந்தால் தாம்பத்தியத்துக்கும் தடையில்லை. எழுபது வயதில் யார் கேட்கப் போகிறார்கள் என்று டாக்டர்கள் சொல்லாமல் விடுகிறார்கள், ஆகவே இங்கே எழுதுகிறேன். ஃப்ளூ தடுப்பூசி, நிமோனியா தடுப்பூசி எப்போது என்று மூன்றாவது மாதச் சோதனையில் கேளுங்கள்.

நெஞ்சின் உள்பக்க ரத்தக் குழாயைக் கொண்டு வைத்த மாற்றுப்பாதை பத்து வருடம் கழித்தும் பத்தில் ஒன்பது பேருக்குத் திறந்திருக்கும். காலின் ரத்த நாளத்தால் வைத்தது அவ்வளவு நாள் வராது, பத்து வருடத்தில் சுமார் பாதி அடைபட்டுவிடும். மாத்திரையை நிறுத்தினால் அது இன்னும் விரைவில் நடக்கும். "நல்லாத்தானே இருக்கேன்" என்று நிறுத்துவது பெரும்பாலும் ஒரு வருடத்துக்குள். மாத்திரை அட்டை காலியாகும் தேதியைப் பிள்ளைகள் கணக்கு வையுங்கள்.

காகிதமும் இன்னும் முடியவில்லை. பெரும்பாலான தனியார் பாலிசிகளில் டிஸ்சார்ஜுக்குப் பிந்தைய 60 அல்லது 90 நாள் மருந்து, சோதனைச் செலவும், சேர்வதற்கு முந்தைய 30 நாள் செலவும் திரும்பக் கிடைக்கும். ஆஞ்சியோவையும் அதில் சேர்க்கப் பாருங்கள். கெடு தேதி பாலிசியில் இருக்கும், அதைத் தாண்டினால் கேட்க முடியாது. கோரிக்கையை மறுத்தால் முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுத்தில். ஒரு மாதத்தில் பதில் இல்லையென்றால் சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளருக்கு. வழக்கறிஞர் தேவையில்லை, கட்டணமும் இல்லை. பெற்றோருக்குப் பாலிசியே இல்லாமல் நீங்கள் செலவு செய்திருந்து, பழைய வருமான வரி முறையில் இருந்தால், 80டி என்று அறியப்படும் பிரிவின் கீழ் மூத்த குடிமக்களின் மருத்துவச் செலவில் 50,000 ரூபாய் வரை கழித்துக்கொள்ளலாம். ரொக்கமாகக் கட்டியது கணக்கில் வராது.